ஜேசன் போகுது, ஆனா சர்வர்ல சேர மாட்டேங்குது: எங்க தேடணும், எந்த வரிசைல தேடணும்

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்னு வெச்சுக்குவோம். பழம் பறிக்கிற சீசன்ல சாயங்காலம் எடை போடுறப்ப கணக்குப்பிள்ளை ஒவ்வொரு ஆளுக்கும் எத்தனை கிலோனு போன்ல ஒரு ஆப்ல தட்டுறாரு, அந்த ஆப் ஒவ்வொரு எடைச் சீட்டையும் ஜேசனா (JSON, விவரத்தை பேரும் மதிப்புமா எழுதற ஒரு டெக்ஸ்ட் வடிவம்) சர்வருக்கு அனுப்புது, கீழ சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் ஆபீஸ்ல உக்காந்து கூலிக் கணக்கு போடுறவங்க அதை ஸ்கிரீன்ல பாக்குறாங்க. ஒரு நாள் மேல இருந்து "எல்லாம் அனுப்பியாச்சுங்க"னு போன் வருது, கீழ ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. ஆப் எழுதுனவரு சர்வர் மேல சொல்லுவாரு, சர்வர் எழுதுனவரு ஆப் மேல சொல்லுவாரு, ரெண்டு பேரும் அவங்கவங்க கோடைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு "என் பக்கம் சரியாத்தான் இருக்கு"ம்பாங்க. கோடைப் படிச்சு இதைக் கண்டுபுடிக்கிறது ரொம்ப லேட்டாகும். அனுப்புனதா நாம நினைக்கிறது ஒண்ணு, நிஜமா கம்பில போனது இன்னொண்ணு, அதனால முதல்ல போனது என்னன்னு கண்ணால பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்.

இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு எடைச் சீட்டையே உதாரணமா வெச்சுக்கறேன்:

{"சீட்டு": "அ-1042", "ஆள்": 17, "எடை": 42.5, "குறிப்பு": "மழை"}

கீ (கோலனுக்கு முன்னாடி இருக்கற பேரு) எல்லாம் தமிழ்ல இருக்கேன்னு பயப்பட வேண்டாம், ஜேசன்ல இது முழுக்கச் செல்லும். கீங்கறது டபுள் கோட்ஸ்குள்ள இருக்கற ஒரு ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்), அவ்வளவுதான் ரூல்.

ஸ்டெப் 1: ஸ்டேட்டஸ் கோட் என்னன்னு பாருங்க

"எரர் வருது"னு சொன்னா பத்தாது, சர்வர் பதிலோட அனுப்புற மூணு இலக்க நம்பர் வேணும். அந்த நம்பர்தான் பாதி வேலைய முடிச்சுக் குடுக்கும்.

400 வந்தா ஜேசனை சர்வரால படிக்கவே முடியலன்னு பெரும்பாலும் அர்த்தம். 415னா கன்டென்ட்-டைப் ஹெடர் (உள்ள என்ன வகை விவரம்னு சொல்ற தலைப்பு வரி) தப்பு, 413னா பாடி (ரிக்வஸ்ட்டுக்குள்ள போற விவரம்) ரொம்பப் பெருசு. 422னா ஜேசன் பெரும்பாலும் ஓகே, உள்ள இருக்கற விவரம் சர்வர் கேட்ட மாதிரி இல்ல. 401, 403 ரெண்டும் லாகின், டோக்கன், பர்மிஷன் சமாச்சாரம், சர்வர் ஜாங்கோவா (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) இருந்தா சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (போலி ரிக்வஸ்ட்டைத் தடுக்கற ரகசியக் குறி) இல்லாட்டியும் 403தான் வரும். 404, 405னா அட்ரஸோ மெத்தடோ (கெட், போஸ்ட் மாதிரி ரிக்வஸ்ட் வகை) தப்பு, ஜேசனைத் தொடவே வேண்டாம். 500னா சர்வர் கோடு விழுந்துருச்சு, சர்வர் லாக்கைப் பாருங்க. 502, 504 வந்தா முன்னாடி நின்னு ரிக்வஸ்ட்டை வாங்கிக் குடுக்கற என்ஜின்எக்ஸ்க்கு (nginx) பின்னாடி இருக்கற சர்வர் ஆப் செத்திருக்கு, இல்ல பதில் சொல்ல லேட்டாகுது.

நம்பரே வரலன்னா? அப்ப ரிக்வஸ்ட் சர்வரைத் தொடவே இல்லாம இருக்கலாம், இல்ல தொட்டும் பதிலை பிரவுசர் தடுத்து வெச்சிருக்கலாம். அதுக்குக் கீழ வர்றேன்.

இங்க ஒரு பெரிய குழி இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல ரிக்வஸ்ட் அனுப்புற ஃபெட்ச் 400 வந்தாலும் 500 வந்தாலும் எரர் தூக்கி எறியாது, நெட்வொர்க்கே அறுந்தா, இல்ல பிரவுசர் தடுத்தா, அந்த மாதிரி நேரத்துலதான் எறியும். நிறைய ஆப்ல ட்ரை-கேட்ச் மட்டும் போட்டுட்டு எரர் வரலைன்னா "அனுப்பியாச்சு"னு பச்சை டிக் காட்டுற கோடு இருக்கும். மேல கணக்குப்பிள்ளை பாத்தது அந்த டிக்தான். ரெஸ்பான்ஸோட ஓகே ப்ராப்பர்ட்டி ட்ரூவான்னு பாத்துட்டு அப்புறம் டிக் போடுங்க. இது ஒண்ணை சரி பண்ணாலே பாதிப் பிரச்சனை தானா வெளிய தெரிஞ்சுடும்.

இன்னொரு குழப்பம், "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <"னு கிளையன்ட்ல எரர் வரும், உடனே எல்லாரும் அனுப்புன ஜேசனைத் தோண்டுவாங்க. அது அனுப்புனதைப் பத்தின எரரே இல்லீங்க, திரும்பி வந்த பதிலைப் பத்தினது. சர்வர் ஹெச்டிஎம்எல்ல எரர் பேஜ் ஒண்ணு அனுப்பியிருக்கு, அதை ஜேசனா படிக்கப் போயி முதல் எழுத்துலயே முட்டிக்கிச்சு. பதிலை டெக்ஸ்டா எடுத்து பிரின்ட் பண்ணிப் பாருங்க, நிஜமான காரணம் அந்த ஹெச்டிஎம்எல்குள்ளதான் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

ஸ்டெப் 2: நிஜமா போனதைப் பாருங்க

பிரவுசர்னா எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப், அந்த ரிக்வஸ்ட்டை க்ளிக் பண்ணி பேலோட் போங்க. அங்க க்ரோம் அழகா மரம் மாதிரி விரிச்சுக் காட்டும், அதை நம்பாதீங்க, "வியூ சோர்ஸ்" அழுத்துனாதான் பச்சையா என்ன போச்சுன்னு தெரியும். பாடி இடத்துல [ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]னு நிக்குதா? அப்ப ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை போடாம ஆப்ஜெக்ட்டை அப்படியே பாடில குடுத்திருக்காங்க, கேஸ் முடிஞ்சுது.

போன் ஆப்னா கொஞ்சம் சுத்து வேலை. ஆண்ட்ராய்டுல ஓகேஹெச்டிடிபி யூஸ் பண்ணா லாகிங் இன்டர்செப்டர் ஒண்ணு இருக்கு, அதை டெஸ்ட் பில்டுல போட்டா பாடி அப்படியே லாக்ல வரும். நடுவுல ப்ராக்ஸி வெச்சுப் பாக்கணும்னா எம்ஐடிஎம்ப்ராக்ஸி, சார்ல்ஸ் மாதிரி டூல் இருக்கு, ஆனா ஆண்ட்ராய்டு 7ல இருந்து யூசர் போடுற சர்டிஃபிகேட்டை ஆப் எல்லாம் டீஃபால்ட்டா நம்பாது, டெஸ்ட் பில்டுல நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்ல அதை அனுமதிச்சாதான் எச்டிடிபிஎஸ் உள்ள தெரியும். இது தெரியாம அரை நாள் ப்ராக்ஸியோட மல்லுக்கட்டுறவங்க நிறைய.

சர்வர் பக்கம், பார்ஸ் பண்றதுக்கு (ஜேசனைப் பிரிச்சுப் படிக்கறதுக்கு) முன்னாடியே பாடியை ரா டெக்ஸ்டா லாக் பண்ணுங்க. எத்தனை பைட், கன்டென்ட்-டைப் என்ன, முதல் 200 எழுத்து என்ன, கடைசி 50 எழுத்து என்ன, இது போதும். கடைசி எழுத்து ஏன்னா பாதில அறுந்ததா இல்லையான்னு அங்கதான் தெரியும். ஆதார் நம்பர், பாஸ்வேர்டு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் லாக்ல விழாம மறைச்சுடுங்க, வேலை முடிஞ்சதும் இந்த லாகை ஆஃப் பண்ண மறக்காதீங்க.

அப்புறம் கர்ல் (curl, டெர்மினல்ல இருந்து ரிக்வஸ்ட் அனுப்புற டூல்). இதுதான் பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்ற டூல். க்ரோம்ல அந்த ரிக்வஸ்ட் மேல ரைட் க்ளிக் பண்ணா "காப்பி ஆஸ் கர்ல்" இருக்கும், அதை டெர்மினல்ல ஒட்டி ஓட்டுங்க. அப்படியே ஓட்டி அதே எரர் வந்தா, பாடியைக் கையால சரியா எழுதி மறுபடி ஓட்டுங்க. கையால எழுதுனது போகுது, ஆப் அனுப்புனது போகலன்னா கிளையன்ட் பக்கம் தப்பு. கையால எழுதுனதும் போகலன்னா சர்வர் இல்ல நடுவுல இருக்கறது. கர்ல் ஓகே, பிரவுசர்ல மட்டும் அடம் புடிக்குதுன்னா கிட்டத்தட்ட கண்டிப்பா கார்ஸ் (CORS, வேற டொமைனுக்குப் போற ரிக்வஸ்ட்டுக்கு பிரவுசர் வெச்சிருக்கற கட்டுப்பாடு).

கர்ல்லயே மாட்டிக்கிற இடம் மூணு இருக்கு. மைனஸ் டி (-d) போட்டு அனுப்புனா கன்டென்ட்-டைப் ஃபார்ம் டைப்பாத்தான் போகும், ஹெடரை நீங்களே எழுதணும், 2022ல வந்த 7.82 வெர்ஷன்ல இருந்து ஜேசனுக்குன்னே தனி ஆப்ஷன் இருக்கு, அது ஹெடரையும் சேத்து வெச்சுடும். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல சிங்கிள் கோட்ஸ் வேலை செய்யாது, அதனால பாடியை ஒரு ஃபைல்ல போட்டு ஃபைல் பேரைக் குடுக்கறது நிம்மதி. மைனஸ் டில ஃபைல் குடுத்தா உள்ள இருக்கற புது வரியெல்லாம் தூக்கிடும், பைட் மாறாம போகணும்னா டேட்டா-பைனரி ஆப்ஷன்.

ஸ்டெப் 3: கன்டென்ட்-டைப்

செவ்வாய்ப்பேட்டைல இருந்து கொலுசு பார்சல் போகுதுன்னா மேல ஒட்டுன சீட்டைப் பாத்துத்தான் எந்த ஊர் வண்டில ஏத்தறதுன்னு முடிவு பண்ணுவாங்க, உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. கன்டென்ட்-டைப் அந்தச் சீட்டு. அதுல "அப்ளிகேஷன்/ஜேசன்"னு இல்லாட்டி உள்ள ஜேசன் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் நிறைய சர்வர் தொடாது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா தொடாம இருக்கும்.

ஃபெட்ச்ல ஸ்டிரிங்கை பாடில குடுத்து ஹெடர் போடாம விட்டா "டெக்ஸ்ட்/ப்ளெயின்"னு போகும். எக்ஸ்பிரஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் ஃபிரேம்வொர்க்) ஜேசன் மிடில்வேர் (ரிக்வஸ்ட்டை முன்னாடியே பிரிச்சு வெக்கற பகுதி) அதைப் பாத்துட்டு "நம்மளுது இல்ல"னு சத்தமில்லாம விட்டுடும், எரர் கிடையாது, பாடி காலியா இருக்கும் இல்ல அன்டிஃபைன்டா இருக்கும். மிடில்வேரே போடலைனாலும், ரூட்டுக்குக் கீழ போட்டாலும் இதே கதை. ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ ரெண்டும் பைத்தான் ஃபிரேம்வொர்க். ஃபிளாஸ்க் புது வெர்ஷன்ல 415 குடுக்கும், பழசுல சும்மா நன் (None, ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்) வரும். ஃபாஸ்ட்ஏபிஐல 415 இல்லாம 422 வரும், அதனால 422 பாத்த உடனே விவரம் தப்புன்னு முடிவு பண்ணாதீங்க, ஹெடரையும் ஒரு பார்வை பாருங்க. பிஹெச்பில நம்மாளுங்க ரொம்ப ஏமாறுவாங்க, டாலர் அண்டர்ஸ்கோர் போஸ்ட்ல ($_POST) ஃபார்ம் டேட்டா மட்டும்தான் வரும், ஹெடர் சரியாவே இருந்தாலும் ஜேசன் அங்க வராது. பிஹெச்பி இன்புட் ஸ்ட்ரீமை நீங்களே படிச்சு ஜேசன் டீகோட் பண்ணணும், அந்த டீகோட் தப்பான ஜேசனுக்கு சத்தம் போடாம நல் (null, காலி மதிப்பு) குடுத்துட்டுப் போயிடும், 7.3ல இருந்து எரரா எறியச் சொல்ல ஒரு ஃபிளாக் இருக்கு, அதைப் போட்டுக்குங்க.

பைத்தான்ல இருந்து ரிக்வஸ்ட்ஸ் லைப்ரரி வெச்சு அனுப்புறவங்க டேட்டாங்கற இடத்துல டிக்ஷனரி குடுத்தா ஃபார்மா போகும், ஜேசன்ங்கற இடத்துல குடுத்தாதான் ஜேசனா போகும், ஹெடரும் தானா சேரும்.

கார்ஸ் எரர் வந்தப்ப நெட்ல எவனோ சொன்னான்னு "நோ-கார்ஸ்" மோட் போட்டவங்க, அதை எடுங்க முதல்ல. அந்த மோட்ல ஜேசன் கன்டென்ட்-டைப்பே போகாது, பதிலையும் படிக்க முடியாது. வேற டொமைனுக்கு ஜேசன் ஹெடரோட போஸ்ட் பண்றப்ப பிரவுசர் முன்னாடி ஒரு ஆப்ஷன்ஸ் ரிக்வஸ்ட் அனுப்பி "இதை அனுப்பலாமா"னு கேக்கும், அதுக்கு சர்வர் ஒழுங்கா பதில் சொல்லணும், கன்டென்ட்-டைப் ஹெடரையும் அனுமதி லிஸ்ட்ல சேக்கணும். இது சர்வர்ல செய்ய வேண்டிய வேலை, கிளையன்ட்ல என்ன குட்டிக்கரணம் அடிச்சாலும் ஆகாது.

ஸ்டெப் 4: ஜேசன் நிஜமாவே ஜேசனா?

ஜேசன் ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து வந்ததுதான் ஆனா ஜாவாஸ்கிரிப்ட் ஒத்துக்கற எல்லாத்தையும் ஜேசன் ஒத்துக்காது. சிங்கிள் கோட்ஸ் கூடாது, கடைசி ஐட்டத்துக்கு அப்புறம் கமா கூடாது, கமெண்ட் கூடாது. பைத்தான் டிக்ஷனரியை எஸ்டிஆர் போட்டு அனுப்புனா சிங்கிள் கோட்ஸும் பெரிய எழுத்து ட்ரூவும் வரும், அது ஜேசனே இல்ல. வாட்ஸப்ல இல்ல வேர்டுல இருந்து காப்பி பண்ணா நேர் கோட்ஸ் வளைஞ்ச கோட்ஸா மாறியிருக்கும், கண்ணுக்கு சட்டுனு தெரியாது.

ஆனா இதெல்லாம் விட அதிகமா கெடுக்கறது ஜேசனை கையால ஸ்டிரிங் ஒட்டி ஒட்டிக் கட்டுறது. குறிப்பு பாக்ஸ்ல கணக்குப்பிள்ளை "மழை"னு அடிச்சா வேலை செய்யும், "மழை" அடிச்சு என்டர் தட்டி அடுத்த வரில "பாதி நாள்"னு அடிச்சா உடைஞ்சுடும், ஏன்னா ஸ்டிரிங்குக்குள்ள பச்சையா புது வரி இருக்கக் கூடாது, அதை எஸ்கேப் பண்ணணும். ஒரு நாள் வேலை செய்யுது ஒரு நாள் செய்யலன்னு வர்ற கம்ப்ளெய்ன்ட்ல நிறைய இது. போன் நம்பரும் அப்படித்தான், சேலம் எஸ்டிடி கோடு 0427, ஏற்காடு 04281, இதை கோட்ஸ் இல்லாம நம்பரா ஒட்டுனா ஜேசன் உடையும், நம்பர்ல முதல்ல பூஜ்யம் வந்தா அதுக்கு அடுத்து இன்னொரு இலக்கம் ஒட்டி வரக் கூடாதுங்கறது ரூல். நம்பரா மாத்தி அனுப்புனா உடையாது, ஆனா பூஜ்யம் காணாமப் போயிடும், அது இன்னும் மோசம். கூட்டிக் கழிக்காத நம்பரெல்லாம் ஸ்டிரிங்கா அனுப்புங்க. ஜேசனைக் கட்டுறதுக்கு எப்பவும் லைப்ரரி, கையால வேண்டவே வேண்டாம்.

எரர் மெசேஜ்ல பொசிஷன் குடுப்பாங்களே, அதைப் படிங்க. பொசிஷன் 1ல "ஓ"ங்கற இங்கிலீஷ் எழுத்துல முட்டுச்சுன்னா அது மேல சொன்ன ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் கதை. பொசிஷன் 0லயே டபுள் கோட்ஸ்ல முட்டுச்சுன்னா ரெண்டு தடவை ஸ்ட்ரிங்கிஃபை ஆயிருக்கு, நாம யூஸ் பண்ற லைப்ரரியோ நம்ம ரேப்பர் ஃபங்ஷனோ ஏற்கனவே மாத்துனதை நாமளும் மாத்துறப்ப இப்படி ஆகும், லாக்ல பாத்தா உள்ள பேக்ஸ்லாஷா நிறைஞ்சிருக்கும். பொசிஷன் 0ல கண்ணுக்கே தெரியாத எழுத்துன்னா பிஓஎம் (BOM, ஃபைல் ஆரம்பத்துல சில எடிட்டர் போடுற மறைவுக் குறி), பழைய நோட்பேடு மாதிரி எடிட்டர்ல சேவ் பண்ண ஃபைல் அனுப்பியிருக்கலாம். 2017ல வந்த ஆர்எஃப்சி 8259 இதை நெட்வொர்க்ல அனுப்பவே கூடாதுன்னு சொல்லுது. "அன்எக்ஸ்பெக்டட் எண்ட்"னு வந்தா பாடி காலி, இல்ல பாதில அறுந்துருச்சு.

அறுந்துருச்சுன்னா நெட்டு மேல மட்டும் பழி போடாதீங்க, தமிழ் டெக்ஸ்ட் இருக்கான்னு பாருங்க. "சேலம்"ங்கறது ஜாவாஸ்கிரிப்ட் கணக்குல நீளம் 5, யூடிஎஃப்-8ல 15 பைட், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். கன்டென்ட்-லெங்த்தை ஸ்டிரிங் நீளத்தை வெச்சு கையால போட்டா சர்வர் அந்த அளவு மட்டும் படிச்சுட்டு மிச்சத்தை விட்டுடும், ஜேசனோட வால் அறுந்து நிக்கும். இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்றப்ப எல்லாம் ஓகே, தமிழ் போட்டா மட்டும் உடையுதுன்னா முதல் சந்தேகம் இதுதான். தமிழ் கேள்விக்குறியா வந்து சேருதுன்னா ஜேசன் பத்திரமா வந்துருச்சு, பெரும்பாலும் டேட்டாபேஸ் நெடுவரிசையோட (column) எழுத்து செட்டிங் தப்பு.

ஸ்டெப் 5: நடுவுல உக்காந்திருக்கறவங்க

என்ஜின்எக்ஸ் டீஃபால்ட்டா 1 எம்பிக்கு மேல பாடி வாங்காது, எக்ஸ்பிரஸ் ஜேசன் மிடில்வேர் 100 கேபிக்கு மேல வாங்காது. ரெண்டும் 413தான் குடுக்கும், அதனால என்ஜின்எக்ஸ்ல மாத்திட்டு "மாத்தியும் அப்படியே இருக்கு"னு முழிக்காதீங்க, ரெண்டு இடத்துலயும் மாத்தணும். எடைச் சீட்டோட மூட்டை போட்டோவையும் பேஸ்64 பண்ணி (பைட்டை எல்லாம் எழுத்தா மாத்தி) ஜேசன்குள்ள திணிக்கிறவங்கதான் இதுல மாட்டுறது, 3 பைட் 4 எழுத்தாகும், மூணுல ஒரு பங்கு வீங்கிடும். லிமிட்டை ஏத்திக்கிட்டே போறதுக்கு போட்டோவை மல்டிபார்ட்ல தனியா அனுப்பறது எவ்வளவோ மேல்.

ரீடைரக்ட் இன்னொரு திருடன். ஆப்ல எச்டிடிபினு எழுதியிருக்கும், சர்வர் 301 போட்டு எச்டிடிபிஎஸ்க்குத் தள்ளும், கிளையன்ட் அங்க போறப்ப போஸ்ட் கெட்டா மாறி பாடி காணாமப் போயிடும். சர்வர் லாக்ல கெட் ரிக்வஸ்ட் ஒண்ணு வந்து நிக்கும், "நான் போஸ்ட்தான் பண்ணேன்"னு சண்டை வரும். ஜாங்கோல கடைசி ஸ்லாஷ் விட்டுப் போனாலும் இதே. அட்ரஸை முழுசா சரியா எழுதிட்டா போச்சு, சர்வர் பக்கம் கட்டாயம் ரீடைரக்ட் வேணும்னா 308 போடுங்க, அது மெத்தடையும் பாடியையும் அப்படியே வெச்சுக்கும்.

ஸ்டெப் 6: எரரே இல்ல, ஆனா விவரம் தப்பு

இதுதான் ஆபத்தானது, ஏன்னா 200 வந்துடும். எடை பாக்ஸ் காலியா இருந்து அதை நம்பரா பார்ஸ் பண்ணா என்ஏஎன் (NaN, நம்பரே இல்லைன்னு அர்த்தம்) ஆகும், ஸ்ட்ரிங்கிஃபை அதை நல் (null) ஆக்கி அனுப்பும். அன்டிஃபைன்டா இருந்தா அந்தக் கீயே போகாது. சர்வர்ல "இல்லாட்டி பூஜ்யம்"னு யாராவது எழுதியிருந்தா அந்த ஆளுக்கு அன்னிக்குக் கூலி பூஜ்யம். எடை இல்லாட்டி சர்வர் மறுக்கணும், டீஃபால்ட் போடக் கூடாது.

தேதி. ஜனவரி 15-ஆம் தேதின்னு நேரம் இல்லாம லோக்கல் டேட் ஆப்ஜெக்ட் பண்ணி ஸ்ட்ரிங்கிஃபை பண்ணா நம்ம ஊர் நள்ளிரவு யூடிசில (உலகப் பொது நேரம்) 14-ஆம் தேதி 18:30 ஆயிடும், சர்வர் தேதியை மட்டும் வெட்டி எடுத்தா ஒரு நாள் முன்னாடி விழும். வேலை நாள்ங்கறது தேதி மட்டும்தான், அதை "2025-01-15"னு ஸ்டிரிங்காவே அனுப்புங்க. பெரிய ஐடி நம்பரும் கவனம், 9007199254740991க்கு மேல போனா ஜாவாஸ்கிரிப்ட்ல கடைசி இலக்கம் பொய் சொல்லும், ஸ்டிரிங்கா வெச்சுக்குங்க.

ஃபாஸ்ட்ஏபிஐ மாதிரி இடத்துல 422 வந்தா பதிலோட பாடியைப் படிங்க, எந்தக் கீ, என்ன தப்புன்னு வரிசையா எழுதியிருக்கும், அதைப் படிக்காம நம்பரை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறவங்களை என்ன சொல்றது.

ஸ்டெப் 7: மலை நெட்டு

சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுறதுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு வளைவுல நெட் முழுசா இருக்கும் அடுத்ததுல இருக்காது. பதிலுக்குக் காத்திருக்கறப்ப கனெக்ஷன் அறுந்தா என்ஜின்எக்ஸ் லாக்ல 499னு விழும், கிளையன்ட் பாதில போயிட்டான்னு அர்த்தம், பாடி வந்துட்டு இருக்கறப்ப அறுந்தா எக்ஸ்பிரஸ்ல "ரிக்வஸ்ட் அபார்ட்டட்"னு வரும். இது பக் கிடையாது, இப்படி ஆகும்னு தெரிஞ்சு ஆப்பை எழுதணும்.

மோசமான கேஸ் வேற: ஜேசன் முழுசா சர்வருக்குப் போயி சேவ் ஆயிருச்சு, "சரி"ங்கற பதில் திரும்பி வர்றப்ப நெட் போச்சு. ஆப் மறுபடி அனுப்பும், அதே 42.5 கிலோ ரெண்டு தடவை ஏறும். அதுக்குத்தான் மேல உதாரணத்துல "சீட்டு" நம்பரை போன்லயே போட்டது. சர்வர் டேட்டாபேஸ்ல அந்த நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே நம்பர் ரெண்டு தடவை ஏறாத மாதிரி) வெச்சு, அதே நம்பர் மறுபடி வந்தா எரர் குடுக்காம "ஏற்கனவே இருக்கு, ஓகே"னு 200 குடுத்துடுங்க. ஒண்ணுக்கு மேல போன் இருந்தா நம்பர் மோதும், போனுக்கு ஒரு முன்னெழுத்து வெச்சுக்கலாம், யூயூஐடி (UUID, மோதாத மாதிரி தானா உருவாக்குற நீள ஐடி) இன்னும் பத்திரம்.

நெட் இல்லாதப்ப சீட்டெல்லாம் போன்ல க்யூல நிக்கட்டும், ஆனா எதை மறுபடி அனுப்பறதுன்னு ஒரு கணக்கு வேணும். பதிலே வரல, இல்ல 502, 503, 504, 408, 429 வந்துச்சுன்னா கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு மறுபடி அனுப்பலாம். 401னா மறுபடி லாகின் கேட்டுட்டு அனுப்புங்க. 400, 413, 415, 422 வந்தா ஆயிரம் தடவை அனுப்புனாலும் அதே பதில்தான். இதைப் பிரிக்காம எல்லாத்தையும் ரீட்ரை பண்ற ஆப்ல க்யூவோட முதல் சீட்டு கெட்டுப் போயிருந்தா பின்னாடி நிக்கிற நல்ல சீட்டெல்லாம் அதோட சேந்து மாட்டிக்கும், கீழ ஆபீஸ்ல "இன்னிக்கு யாருமே வேலைக்கு வரலையா"னு கேப்பாங்க. கெட்டதை க்யூல இருந்து தனியா எடுத்து வெச்சு, சிவப்பு கலர்ல கணக்குப்பிள்ளைக்கு ஸ்கிரீன்லயே காட்டி, எந்தக் கட்டத்தைத் திருத்தணும்னு தமிழ்ல ஒரு வரி சொல்லிடுங்க, அவரு திருத்தி அனுப்பிடுவாரு.